புகைபோக்கி சொல்லும் சாட்சி



பழைய நிழற்படத்திலுள்ள புகையிரத இயந்திரம் இன்னதெனக் கூற வல்லார் முதலிற் பார்ப்பது சில்லுகளையே. முன்னே எத்தனை, நடுவே எத்தனை, பின்னே எத்தனை என எண்ணி அதன் இனத்தைத் துணிவர். ஆனால் எண்ணிக்கை எப்போதும் கைகொடுப்பதில்லை.

1869ஆம் ஆண்டு மே 10ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் யூட்டாவிலுள்ள புரொமொன்டரியில் அன்ட்ரூ ரசல் என்பவர் எடுத்த படத்தைப் பாருங்கள். கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் ஒன்றுசேர்ந்த நாள் அது. இரண்டு இயந்திரங்கள் முகத்துக்கு முகம் நிற்கின்றன. இரண்டுக்கும் முன்னே நான்கு சிறு சில்லுகள், அடுத்து நான்கு பெருஞ்சில்லுகள். வேற்றுமை புகைபோக்கியிலேதான். இடப்புறத்தில் உள்ளது மேலே புனல்போல் விரிந்திருக்கின்றது. விறகெரிக்கும் இயந்திரத்தின் தீப்பொறி வெளியே பறவாதிருக்கவே அவ்வாறு அமைத்தனர். அது மத்திய பசுபிக் கம்பனியின் 60ஆம் இலக்க 'ஜூப்பிட்டர்'. வலப்புறத்துப் புகைபோக்கியோ நேரானது. நிலக்கரி எரித்த யூனியன் பசுபிக்கின் 119ஆம் இலக்க இயந்திரம் அது. ஏட்டுச்சுவடியில் ஓரெழுத்தைக் கொண்டு பாடபேதம் காண்பவனுக்கு இந்த வேலை புதிதன்று.

இரண்டும் 1903இலும் 1909இலும் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. பின்னர் நிழற்படங்களை அளந்தளந்து முழு அளவிற் புதியன செய்து 1979இல் ஓடவிட்டனர். ஜூப்பிட்டருக்குச் சிவப்புப் பூசினர். பிற்பாடு அக்காலத்துப் பத்திரிகைச் செய்தியொன்று கிடைத்தது. இயந்திரம் நீலமும் செம்மையுமாக இருந்ததாம்! அந்நாளைய கண்ணாடித் தகடு நீலத்தை வெளிறவும் சிவப்பை இருளவும் காட்டுவது. ஆகவே படத்தை மட்டும் நம்பி நிறம் சொல்வது ஆபத்து. நீலத்தை மீண்டும் பூசினர்.

இத்தனை நுணுக்கமாக இரும்பை அடையாளங்கண்ட அதே படத்தில் மனிதரைத் தேடினால் ஏமாற்றமே. மத்திய பசுபிக் பாதையை மலை குடைந்து அமைத்தவருட் பெரும்பாலோர் சீனர், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். அன்று இறுதித் தண்டவாளமொன்றைக் கொணர்ந்து இட்டவர்களும் அவர்களே. ஆயினும் போத்தல் நீட்டிக் குதூகலிக்கும் அந்தக் கூட்டத்தில், இவர் சீனர் என ஐயமின்றிச் சுட்டத்தக்க முகம் இல்லை. சம்பளப் பதிவுகளிலும் மிகப் பலர் கூட்டத் தலைவனின் பெயருக்குள்ளே மறைந்துபோயினர். இயந்திரத்துக்கு இலக்கம் உண்டு. இவர்களுக்குப் பெயரும் இல்லை.

2014இல் கோர்க்கி லீ என்னும் சீன அமெரிக்க நிழற்படக் கலைஞர் அத்தொழிலாளரின் வழித்தோன்றல்களை அதே இடத்துக்கு அழைத்துச் சென்றார். 1869இன் படத்தைப் போலவே அவர்களை நிறுத்திப் படமெடுத்தார்.