உப்புச் சதுப்பின் ஓரத்தில்: அந்தமானில் நோயின் சமூக வரலாறு

கொள்ளைநோய்க்கு ஏழை பணக்காரன் தெரியாது என்று சொல்லப் பழகியிருக்கிறோம். கிருமிக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் யார் எங்கே உறங்கினார்கள், யார் எதை உண்டார்கள், யாரை யார் எந்த நீரில் இறக்கினார்கள் என்பதைக் கிருமி தீர்மானிப்பதில்லை. பெரும் எஸ்டேட்டுகளும் தண்டனைக் குடியிருப்புகளும் இதை ஆராய நல்ல களங்கள். அங்கே ஏற்றத்தாழ்வு வரைபடமாகவே எழுதப்பட்டிருக்கும். குட்வில் எஸ்டேட் போன்ற ஊர்ப்பெயர்கள் இன்றும் புழங்கும் இத்தீவுகளிலிருந்து மூன்று நிகழ்வுகளை எடுத்துக்கொள்கிறேன்.

1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் அமைத்த முதற் குடியேற்றம் 1792இல் வடக்கே மாற்றப்பட்டு, நோயும் சாவும் மிகுந்ததால் 1796இல் கைவிடப்பட்டது. இந்நிலத்தின் இயல்பு ஆங்கிலேயருக்குத் தெரியாதிருந்தது என்று எவரும் சொல்ல முடியாது. அறிந்தே 1858 மார்ச் 10ஆம் நாள் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளுடன் போர்ட் பிளேரில் வந்திறங்கினார். அடுத்த மூன்று மாதங்களில் வந்து சேர்ந்த கைதிகள் மொத்தம் 773 பேர். அவர்களில் 64 பேர் மருத்துவமனையில் இறந்தனர். 140 பேர் தப்பியோடித் திரும்பவில்லை. 87 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். எஞ்சியோர் 481. இக்கணக்கில் ‘நோயால் இறந்தவர்’ என்பது தனிப் பத்தி. தூக்குக்கயிறும் காய்ச்சலும் ஒரே ஆட்சிமுறையின் இரு கைகள் என்பதை அப்பத்திப் பிரிப்பு மறைத்துவிடுகிறது.

ஆட்சியாளர்கள் தங்கியது ராஸ் தீவில்: சிறிய தீவு, கடற்காற்று, சதுப்பு இல்லை. கைதிகள் அனுப்பப்பட்டது எதிர்க்கரையின் காட்டுக்கும் கண்டற் சேற்றுக்கும். இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனெனில் இத்தீவுகளில் மலேரியா இயற்கையின் கொடை மட்டுமன்று. இதைப் பரப்பும் கொசு (இன்று அனோபிலிஸ் சுண்டைக்கஸ் எனப்படுவது) வெயில் படும், அலை அடிக்காத உவர்நீரில் முட்டையிடுவது. கண்டல் மரங்கள் நிழல் தந்து நிற்கும்வரை, கடலேற்றம் நாள்தோறும் நீரை அலசிப்போகும்வரை, அதற்கு வசதி குறைவு. மரத்தை வெட்டி, அரைகுறையாகக் கரைகட்டி, நீரைத் தேங்கவிட்டால் அதன் நாற்றங்கால் தயார். வெட்டியவன் கைதி, கரை கட்டியவன் கைதி, மாலையில் அதே சதுப்பின் ஓரக் கொட்டகையில் படுத்தவனும் அவனே. 1912இல் வெளியான எஸ்.ஆர். கிறிஸ்டோஃபர்ஸின் அறிக்கை உப்புச் சதுப்புகளுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை நிறுவியது. அதற்குள் குடியேற்றம் அரை நூற்றாண்டைக் கடந்திருந்தது.

ஓர் இடைக்குறிப்பு. 1872 பிப்ரவரி 8ஆம் நாள் வைஸ்ராய் மேயோ பிரபு ஹோப்டவுன் துறையில் ஷேர் அலியால் கொல்லப்பட்டது பாடநூல்களில் இருக்கிறது. அன்று மாலை அவர் ஹாரியட் மலை ஏறியது, நோயாளிகள் தேறுவதற்கான வாசத்தலம் ஒன்று அங்கே அமைக்கலாமா எனப் பார்க்கவே என்பதை மாணவர்கள் கேள்விப்படுவதே இல்லை.

இரண்டாம் நிகழ்வு இன்னும் கனமானது. 1863இல் தொடங்கிய ‘அந்தமான் இல்லங்கள்’ கிரேட் அந்தமானியப் பழங்குடியினரைக் குடியேற்றத்தின் அருகே கூட்டிவைத்தன. தப்பியோடிய கைதிகளைப் பிடித்துத் தரும் வேலையும் அவர்களுக்குத் தரப்பட்டது. காட்டுக்கும் இல்லத்துக்குமான இந்தப் போக்குவரத்தே 1877இல் தட்டம்மைக்குப் பாதையாயிற்று. அதற்கு முன்னரே நிமோனியாவும் மேகநோயும் அவர்களிடையே புகுந்திருந்தன. 1858இல் சில ஆயிரம் பேர் இருந்ததாக மதிக்கப்படும் மக்கள், 1901 கணக்கெடுப்பில் 625, 1931இல் 90, 1961இல் 19.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், முன்பின் அறியாத நோய்க்கு எதிர்ப்பாற்றல் இல்லை என்பது. 1899இல் வெளிவந்த எம்.வி. போர்ட்மனின் நூலிலும் இவ்வினம் அழிவது தவிர்க்கவியலாதது என்ற தொனி உண்டு. எதிர்ப்பாற்றல் இல்லாமை உண்மையே; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது விளக்கத்தின் தொடக்கமே தவிர முடிவன்று. ஒரு முகாமில் எல்லாரும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால் நீர் கொண்டுவருபவர் யார், வேட்டைக்குப் போகிறவர் யார், பிள்ளைக்குப் பால் தருகிறவர் யார்? தட்டம்மையோடு பசியும் தாகமும் சேர்ந்தே கொல்கின்றன. 2020 ஆகஸ்டில் இதே சமூகத்தினர் பத்துப் பேருக்கு கோவிட் தொற்று உறுதியானது. அதுவும் அவர்கள் முன்பின் அறியாத நோயே. பரிசோதனையும் தனிமைப்படுத்தலும் மருத்துவமும் உணவும் கிடைத்தன, அனைவரும் மீண்டனர். இரு நோய்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆயினும் ‘தவிர்க்கவியலாத அழிவு’ என்ற சொல்லை இந்நிகழ்வு சந்தேகத்துக்குள்ளாக்குகிறது.

மூன்றாவது, சமகாலம். 1988 முதல் மழைக்காலத்தை ஒட்டி, இரத்தக்கசிவுடன் கூடிய காய்ச்சல் ஒன்று தீவுகளில் பரவியது. பெயர் தெரியாமல் ‘அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்றார்கள். போர்ட் பிளேரின் மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம் 1990களில் அதை எலிக்காய்ச்சல் என்று அடையாளம் கண்டது. விலங்குகளின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நிற்பவருக்கு வருவது அது. வடக்கே டிக்லிப்பூரில் நெல் வயல்கள். அங்கு உழுபவர்களில் பலர் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து நிலம் பெற்ற அகதிகளின் வழிவந்தோர். தொழில்வாரியாக நடந்த ஆய்விலும் விவசாயத் தொழிலாளரிடமே தொற்றின் தடயம் மிக அதிகம். கழிவுநீர்த் தொழிலாளர், கால்நடை பராமரிப்போர் அடுத்து.

அங்கே நடந்த டாக்சிசைக்ளின் தடுப்பு மருந்துச் சோதனை என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. மருந்து உட்கொண்டவரில் 3.11 விழுக்காட்டினரும், போலி மருந்து உட்கொண்டவரில் 6.82 விழுக்காட்டினரும் நோயுற்றனர். மருந்து பயன் தந்தது. ஆனால் தொற்றின் விகிதத்தில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மாத்திரை உடலுக்குள் வேலை செய்தது. சேற்றில் நிற்கும் காலை அது மாற்றவில்லை. காலணி, வடிகால், அருகில் ஒரு மருத்துவமனை ஆகியவை வேறொரு வரவுசெலவுக் கணக்கில் இருக்கின்றன.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோய்ப் பதிவேட்டோடு அதே ஆண்டின் உழைப்புப் பதிவேட்டையும் வாங்கிப் பாருங்கள். கைதிகள் எந்தச் சதுப்பில், எந்த மாதத்தில் வேலைக்கு விடப்பட்டார்கள் என்ற பட்டியல் பொறியியல் துறைக் கோப்புகளில் கிடைக்கலாம். மருத்துவக் கோப்புகளில் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.