ரூபாயின் வரலாறும் அண்ணலின் வினாவும்

உழைப்பவன் கைக்கு வரும் காசின் வரலாற்றையும் மதிப்பையும் அறிதல் கல்வியின் இன்றியமையாத கூறாகும். நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நாளில், அதனைச் சமுதாய இளைஞர்கட்குச் சுருங்க உரைக்க விழைகின்றோம்.

ரூபாய் என்னும் வெள்ளி நாணயத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் வெளியிட்டவர் ஷெர்ஷா ஆவார். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் ஆட்சிப்பகுதி முழுமைக்கும் ஒரே வகை ரூபாயை வகுத்தனர். அதன் எடை 180 கிரெயின். பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசே காகிதப் பணத்தையும் வெளியிடலாயிற்று.

பின்னர் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரிந்தது. 1893-இல் தனியார் வெள்ளியை நாணயமாக்கித் தரும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. அதுமுதல் ரூபாயின் மதிப்பு வெள்ளியைச் சாராது, அரசின் முடிவைச் சார்ந்து நின்றது.

இச்சிக்கலை ஆராய்ந்தவர் நம் அண்ணல் அம்பேத்கர். இலண்டனில் அவர் எழுதிய ‘ரூபாயின் பிரச்சினை’ என்னும் நூல் 1923-இல் வெளியாயிற்று. வரம்பின்றி நாணயம் வெளியிடப்படின் விலைவாசி உயரும். கூலியோ அவ்வேகத்தில் உயராது. வணிகர் பெறும் ஆதாயம் தொழிலாளியின் வயிற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆதலால் வெளியீட்டுக்கு உறுதியான வரம்பு வேண்டுமென அவர் வாதிட்டார். ஹில்டன் யங் குழுவின் முன்னும் தம் கருத்தை எடுத்துரைத்தார். 1935 ஏப்ரல் முதல் நாள் ரிசர்வ் வங்கி தொடங்கப்பெற்றது.

விடுதலைக்குப் பின் மன்னர் தலை மறைந்தது. 1950-ஆம் ஆண்டு நாணயங்களில் அசோகரின் சிங்கங்கள் இடம்பெற்றன. ஒரு ரூபாயின் மறுபுறத்தில் தானியக் கதிர்கள் பொறிக்கப்பெற்றன. அக்கதிரை விளைவித்த நம் முன்னோருட் பலர் காசைக் கண்டதே அரிது. கம்பும் சோளமுமே அவர்தம் கூலி. அளந்த படியோ பிறர் கையில் இருந்தது.

1957 ஏப்ரல் முதல் ரூபாய்க்கு நூறு காசு என்னும் முறை வந்தது. ஆயினும் நாலணா, எட்டணா என்னும் சொற்கள் நம் நாவில் நிலைத்தன. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாதனவாயின. இன்றைய நோட்டின் பின்புறப் பட்டியில் பதினைந்து மொழிகளுள் நம் தமிழும் ஒன்றாகத் திகழ்கின்றது.

1990-இல் அண்ணலின் நூற்றாண்டையொட்டி அவர் உருவம் தாங்கிய ஒரு ரூபாய் நாணயம் வெளியாயிற்று. நாணயத்தின் குறையை ஆராய்ந்தவரே நாணயத்தில் எழுந்தருளினார் எனின், அஃது எழுத்தறிவு நல்கிய பெருமையன்றோ!

இளைஞர்களே! ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் எண்ணிக்கைக்குத் தக்க கூலி பெறும் பெற்றோர் நம்மிடையே பலர். அவர்தம் கணக்கை நீங்களே எழுதிப் பாருங்கள். சென்ற ஆண்டுக் கூலியால் எத்துணைப் படி அரிசி வாங்கினோம், இவ்வாண்டு எத்துணை வாங்குகின்றோம் என்று ஒப்பிடுங்கள். அண்ணல் எழுப்பிய வினா அதுவே. அவ்வினாவைக் கேட்கத் தெரிந்த தலைமுறையை உருவாக்குவதே நம் சங்கத்தின் நோக்கமாகும்.