விற்க வந்த காகிதம்

திருநின்றவூரிலிருந்து சென்ட்ரல் போகிற மின்சார ரயிலில், பல கோர் மைக்ரோகன்ட்ரோலர் பற்றி ஒரு ஒயிட் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். விளம்பரம்தான், ஆனா பாடம் மாதிரி இருந்தது. இது பழைய வழக்கம்ங்க.

1980களில் பிரிட்டனின் இன்மாஸ் கம்பெனி டிரான்ஸ்பியூட்டர் சிப்பை இப்படித்தான் வித்தது. பல சிப்புகளைக் கோர்த்து ஒரே வேலையைப் பிரிச்சுச் செய்யணும்னா, புரோகிராம் எழுதுற முறையே மாறணும். வெறும் விலைப்பட்டியல் போதாதுன்னு தொழில்நுட்பக் குறிப்புகளா வெளியிட்டாங்க.

அமெரிக்க சூப்பர் கம்ப்யூட்டர் கிடைக்காத நிலையில், 1988-இல் ஆரம்பிச்ச புனே சி-டாக், 1991-இல் பரம் 8000-ஐ இந்த டிரான்ஸ்பியூட்டரை வெச்சுத்தான் கட்டிச்சு.

இன்மாஸ் 1989-இல் கைமாறிடுச்சு. டிரான்ஸ்பியூட்டரை வடிவமைச்ச டேவிட் மே, 2005-இல் எக்ஸ்மாஸைத் தொடங்கினவர்களில் ஒருவர். அதே யோசனை பல கோர் மைக்ரோகன்ட்ரோலரா திரும்பி வந்தது.

சிப்பு போனாலும் படிச்ச பாடம் போகலை. விக்கத்தான் எழுதறாங்க, சரி. கத்துக்கிட்டது நம்மோடது இல்லையா?