மாஹிம் மாதா கோயிலும் புதன்கிழமையும்

சமணக் குடும்பத்தில் பிறந்து, தாராவியில் பாத்திரக் கடை வைத்திருப்பவனுக்கு மாதா கோயில் ஆராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் என் கடையிலேயே இருந்தது. வேலைக்கு இருந்த நாலு பையன்களும் திருநெல்வேலிப் பக்கம். "மொதலாளி, இன்னிக்குப் புதன், மாஹிம் நொவேனாவுக்குப் போயிட்டு வந்திடறோம்" என்று கிளம்புவார்கள். அதில் ஒருவன்தான் கிறிஸ்தவன்; மற்ற மூவர் நெற்றியிலும் திருநீறு. அந்த வியப்பில்தான் படிக்கத் தொடங்கினேன்.

புனித மிக்கேல் ஆலயம் என்பது இதன் பெயர். பிரான்சிஸ்கன் துறவி அந்தோனியோ தோ போர்த்தோ 1534இல் நிறுவினார் என்பது மரபு. 1737-39 போரில் மராட்டியர் சால்செட் தீவைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். அந்தப் போர்க் காலத்தில் பாந்த்ராவின் மலைமாதா கோயில் அழிந்தது. அங்கிருந்த மாதா, கழிமுகத்தைக் கடந்து, ஆங்கிலேயர் வசமிருந்த மாஹிமுக்கு வந்து, 1761 வரை இந்த ஆலயத்தில் தங்கினாள். பிழைக்க வந்த நம்மைப் போல அவளும் இங்கே வந்து தங்கியவள்தான்!

இந்த ஆலயத்தின் மிகப் பெரிய சண்டை வேற்று மதத்தாரோடு நடந்ததல்ல. போர்த்துகல் அரசரின் உரிமைக்கு உட்பட்ட குருமார் ஒரு பக்கம், ரோமாபுரி நேராக நியமித்த ஆயர் மறுபக்கம். 1853இல் ஆயர் ஹார்ட்மன் கோயிலை விட்டுத்தர மறுத்து உள்ளேயே இருந்துகொண்டார். எதிர்த் தரப்பு வெளியே முற்றுகையிட்டது. கடைசியில் அரசாங்கம் தலையிட, கோயில் போர்த்துகீசியத் தரப்புக்குப் போனது. ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள்தான் இரு தரப்பும்.

அதற்கு எட்டு வருஷம் முன்பு, 1845இல், மாஹிமையும் பாந்த்ராவையும் இணைக்கும் பாலச்சாலை திறக்கப்பட்டது. அதற்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் ஆவாபாய் ஜம்ஷெட்ஜி என்ற பார்சி அம்மையார். மாதாவைத் தேடி இன்று பாந்த்ரா பக்கத்திலிருந்து வருகிறவர்களும் அவர் போட்ட வழியில்தான் வருகிறார்கள்.

1948 செப்டம்பர் 8ஆம் தேதி இடைவிடா சகாய மாதாவுக்குப் புதன்கிழமை நொவேனா தொடங்கியது. ஒன்பது புதன் தொடர்ந்து வருவதாக வேண்டிக்கொள்வார்கள். தமிழிலும் வழிபாடு உண்டு. மெழுகில் செய்த வீடு, கை, கால், குழந்தை என்று வாங்கி வைப்பார்கள். நம் ஊர்க் கோயிலில் கண்மலர் சாத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மக்தூம் அலி மாஹிமி தர்காவும் சீத்தலாதேவி கோயிலும் இதே மாஹிமில்தான் இருக்கின்றன.

இப்போதுள்ள கட்டடம் 1973இல் கட்டியது. ஆகவே பழமை கல்லில் இல்லை, வந்துபோகிற ஜனங்களிடம் இருக்கிறது. 2023 ஜனவரியில் இதன் கல்லறைத் தோட்டத்தில் சிலுவைகள் உடைக்கப்பட்ட செய்தி படித்தபோது, என் பையன்களின் முகம்தான் நினைவுக்கு வந்தது. உடைந்தது அவர்களுடைய கோயிலும்தான். இது யாருடைய கோயில் என்று 1853இல் ஆயரும் குருமாரும் சண்டை போட்டார்கள். புதன்கிழமை வரிசையில் நிற்கிறவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.