மாங்கொட்டையை நட்டா அதே ருசி கிடைக்குமா? வீட்டிலேயே ஒட்டு கட்டுவது எப்படி?

மாம்பழ சீசனில் பல வீடுகளில் நடப்பதுதான் இது. ருசியாக இருந்த இமாம் பசந்தின் கொட்டையைக் கொல்லையில் புதைப்பார்கள். ஏழெட்டு வருஷம் காத்திருந்து முதல் பழத்தைக் கடித்தால், புளிப்பு! எங்கே தப்பு நடந்தது?

ருசி ஏன் மாறுது?

மாம்பழத்தின் சதை தாய் மரத்துடையது. ஆனால் கொட்டைக்குள் இருக்கும் கரு, பெரும்பாலும் இரண்டு மரங்களின் கலப்பு. அதனால் முளைப்பது புது மரம். தாய் மரத்தின் குச்சியை இன்னொரு கன்றில் ஒட்டினால்தான் அதே பழம் கிடைக்கும். மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்ப்பும் வரும்.

என்ன செய்யணும்?

* நாட்டு மாங்கொட்டையை ஈரம் காய்வதற்குள் பையில் விதைக்கவும். தண்டு பென்சில் பருமன் வரும்வரை வளர்க்கவும்.

* தாய் மரத்தில் அதே பருமனுள்ள, பூக்காத நுனிக்கிளையைத் தேர்ந்தெடுக்கவும். ஒட்டுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே காம்பை விட்டுவிட்டு இலைகளை மட்டும் நறுக்கிவிடவும். மொட்டு பருத்ததும் குச்சியை வெட்டவும்.

* கன்றின் தலையை வெட்டி, தண்டின் நடுவே இரண்டு அங்குலம் பிளக்கவும். குச்சியின் அடியை ஆப்பு போல் சீவி, பிளவில் செருகவும்.

* பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டி, குச்சி ஐஸ் கவர் போன்ற நீளமான பையால் மூடி, நிழலில் வைக்கவும்.

எதில் கவனம் தேவை?

பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய பச்சைப் படலம் இரண்டிலும் ஒட்டி நிற்கணும். பருமன் வேறுபட்டால் ஒரு பக்கமாவது பொருந்தணும். கத்தி கூர்மையாக, சுத்தமாக இருக்கணும். மழை மாதங்களே ஏற்றவை. கடும் வெயிலில் குச்சி காய்ந்துவிடும். இரண்டு, மூன்று வாரத்தில் துளிர் விட்டால் கவரை எடுக்கலாம். ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களை உடனே கிள்ளிவிடவும். விட்டால் நாட்டு மரம்தான் மிஞ்சும்.

எல்லாமே பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒன்றுக்கு ஐந்தாறு கன்றுகளில் கட்டுவது நல்லது.

தாத்தா வைத்த மரத்தை வெட்டப் போறீங்களா?

வீடு கட்ட இடம் போதாமல் பழைய மாமரத்தை வெட்ட வேண்டிய நிலை வரலாம். பெயர்கூடத் தெரியாத அந்த ருசி கடைகளில் கிடைக்காது. கன்று தயாராகச் சில மாதங்கள் ஆகும் என்பதால், ஆளைக் கூப்பிடுவதற்கு முன்பே கொட்டையை விதைத்துவிடுங்கள். மரம் போனாலும், அதன் குச்சி வேறொரு வேரில் அதே பழத்தைக் கொடுக்கும்.