தோட்ட மருந்தகத்திலிருந்து காப்பீட்டு அட்டை வரை: போடி மலைச்சரிவில் மருத்துவப் பொறுப்பு கைமாறிய வரலாறு

சிலமலையிலிருந்தும் போடியைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களிலிருந்தும் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களின் உடம்புக்கு யார் பொறுப்பு என்பதற்கு 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் நேரான விடை வைத்திருந்தது: முதலாளி. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் அவர் மருத்துவ வசதி செய்து தர வேண்டியிருந்தது. தவறினால் தலைமை ஆய்வாளரே ஏற்பாடு செய்து, செலவை அவரிடமே வசூலிக்கலாம் என்றது 10ஆம் பிரிவு. நடைமுறையில் ஓட்டை பெரிது. 1981 திருத்தத்துக்குப் பிறகும் 5 ஹெக்டேர், 15 தொழிலாளர் என்ற வரம்புக்குக் கீழே நின்ற சிறு ஏலத்தோட்டங்களை அச்சட்டம் தொடவில்லை. ஆனாலும் குற்றம் சாட்டப்பட வேண்டியவர் யார் என்பதில் குழப்பம் இருக்கவில்லை.

அரசு மருத்துவமனையிலும் அப்படித்தான். மருந்து இல்லையென்றால் சட்டமன்றத்தில் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். 2009 ஜூலையில் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம் இந்த உறவை மாற்றியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 469 ரூபாய் பிரீமியத்தை அரசு ஸ்டார் ஹெல்த் நிறுவனத்துக்குக் கட்டியது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம், பட்டியலில் உள்ள நோய்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற முடிந்தது. எந்த நோய் பட்டியலில் இருக்கிறது, எந்த மருத்துவமனை சேர்க்கப்பட்டிருக்கிறது என்பவை ஒப்பந்த விவகாரங்களாயின. தனியார் காப்பீட்டு நிறுவனமோ 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொது அதிகார அமைப்பு அல்ல. காப்பீட்டு அட்டை மறுக்கப்பட்டவர் கேள்வி கேட்கும் வாசல் அங்கேயே குறுகிவிட்டது. 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பொதுத்துறையைச் சேர்ந்த யுனைடெட் இந்தியாவிடம் போனதை ஆட்சி மாற்றத்தின் பழிவாங்கல் என்று மட்டும் படிப்பது சரியல்ல. பொதுத்துறை நிறுவனம் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால் அந்த வாசல் ஓரளவு மறுபடி திறந்தது.

காப்பீடு இல்லாதிருந்தால் ஏழைக்கு இதய அறுவை சிகிச்சை கிடைத்திருக்குமா என்பது நியாயமான மறுப்பு. பலருக்குக் கிடைத்திருக்காது. ஆனால் தோட்ட வேலை தரும் மூட்டுவலிக்கும், பூச்சிமருந்து தெளித்தவரின் மூச்சிரைப்புக்கும் வேண்டியது புறநோயாளிச் சிகிச்சை. அதற்கு அட்டை உதவாது. மாத்திரைக்காகப் போடி அரசு மருத்துவமனை வரிசையில்தான் நிற்க வேண்டும். அரசு மருத்துவமனை மட்டும் யாருக்குப் பதில் சொல்கிறது என்பது இன்னொரு மறுப்பு. குறை உண்மைதான், ஆனால் கேட்பதற்கு வழி இருக்கிறது என்பதே என் வாதம். அவசரச் சிகிச்சை தராமல் திருப்பி அனுப்பியது அரசியல் சட்டத்தின் 21ஆம் கூறுக்கு மாறானது என்று மேற்கு வங்க வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது அரசை நோக்கித்தான். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரே கைபேசி எண்ணில் ஏறத்தாழ ஏழரை லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்ததை 2023இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வெளிக்கொணர முடிந்ததும் அது பொதுப்பணம் என்பதால்தான்.

இப்போது வட்டம் தோட்டத்துக்கே திரும்பியிருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி தோட்ட முதலாளி மருத்துவ வசதியைத் தானே செய்து தரலாம், அல்லது தொழிலாளரைத் தொழிலாளர் அரசு காப்பீட்டில் (இ.எஸ்.ஐ.) சேர்த்துவிடலாம். இ.எஸ்.ஐ. அரசு அமைப்பு, தனியார் காப்பீட்டைவிட எவ்வளவோ மேல். ஆனால் 1951 சட்டத்தில் முழுச் செலவும் முதலாளி தலையில் இருந்தது. இ.எஸ்.ஐ.யில் தொழிலாளியின் கூலியிலிருந்தும் 0.75 விழுக்காடு பிடிக்கப்படும். எந்த வழி என்று முடிவு செய்பவரும் முதலாளிதான்.