மேட்டூர் அலுமினியமும் நம்ம பாவநாசம் தண்ணியும்

நம்ம ஊர்ல அலுமினியத்தைப் பார்க்காம ஒரு நாள் கழியாது. வயலுக்கு மேலே கோபுரம் கோபுரமா போற கரண்ட் கம்பி, கட்டட வேலைக்குப் போறவங்க கையில தூக்குச்சட்டி, டீக்கடையில பால் காயுற குண்டான்... எல்லாம் அதுதான். ஆனா இந்த உலோகத்தைத் தாதுவிலிருந்து பிரிச்சு எடுத்த ஆலை தமிழ்நாட்டில் ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது. மேட்டூர்ல இருந்த மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, சுருக்கமா மால்கோ. 1960-ல் பதிவாகி, இத்தாலியின் மான்டெகாட்டினி கம்பெனி தொழில்நுட்பத்தோட 1965-ல் உற்பத்தி ஆரம்பிச்சது. 2008 நவம்பர்ல உருக்குப் பிரிவு நின்னு போச்சு.

திருநெல்வேலிக்காரனுக்கு மேட்டூர்ல என்ன வேலைன்னு கேக்கலாம். ரொம்ப நாளா எனக்கு ஒரு சந்தேகம். பாவநாசத்துல அருவி இருக்கு, மின்நிலையம் இருக்கு, 1885-லயே ஹார்வி மில் வந்தாச்சு. பிறகு ஏன் இந்த மாதிரி ஒரு ஆலை தாமிரபரணிக் கரையில் வரலை? இதுக்குப் பதில் தேடப் போனா, அலுமினிய ஆலைக்குள்ள ஒரு டிபார்ட்மென்ட் இன்னொண்ணோட எப்படிப் பின்னிக்கிடக்குன்னு பார்க்க வேண்டியதாப் போச்சு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா வாங்க :-)

முதல்ல கொஞ்சம் பழைய கதை

1886-ல் அமெரிக்காவுல சார்லஸ் ஹால், பிரான்சுல பால் எரூ, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாமலே ஒரே வழியைக் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு பேரும் பிறந்தது 1863, செத்தது 1914. அவங்களுக்கு முன்னாடி அலுமினியம் பணக்காரங்க சமாச்சாரம். அவங்களுக்குப் பிறகு சட்டி பானை.

அந்தச் சட்டி பானை நம்ம பக்கம் வந்ததும் சீக்கிரமேதான். 1898-ல் சென்னை ஓவியப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பிச்சுட்டார். ஆனா உலோகம் வெளிநாட்டுச் சரக்கு. இந்தியாவுல உலோகத்தையே எடுத்தது 1943-ல், கேரளாவுல ஆலுவா பக்கம். அந்த ஆலைக்குப் பின்னாளில் அலுமினா வந்தது எங்கேயிருந்துன்னு நினைக்கிறீங்க? அப்போ பீகார்ல இருந்த மூரியிலிருந்து. தாது வடக்கே, ஆலை தெற்கே. ஏன்னா பள்ளிவாசல் நீர்மின்சாரம் கேரளாவுலதான் இருந்தது. இந்த உலோகம் தாதுவைத் தேடிப் போறதில்லை, மின்சாரத்தைத் தேடிப் போகும். இதை மனசுல வச்சுக்குங்க.

ஆலைக்குள்ள யார் யார்?

மேட்டூர்ல ரெண்டும் பக்கத்துல அமைஞ்சது. பாக்சைட் ஏற்காடு, கொல்லிமலைப் பக்கத்திலிருந்து. அணை 1934, அணை மின்நிலையம் 1937.

முதல் பிரிவு அலுமினா. பாக்சைட்டை அரைச்சு காஸ்டிக் சோடாவுல வேக வச்சு, செம்மண் சகதியைப் பிரிச்சு ஒதுக்கி, வெள்ளைப் பொடியா எடுக்கறது. ஏறத்தாழ நாலு டன் பாக்சைட்டுக்கு ரெண்டு டன் அலுமினா, அதுல ஒரு டன் உலோகம்.

ரெண்டாவது பேஸ்ட் பிளான்ட். பெட்ரோலியக் கரியையும் நிலக்கரித் தாரையும் கலந்து கட்டியாக்கறது. மின்சாரம் உள்ளே போற நேர்மின்வாய் இதுதான். மேட்டூர் ஆலை சோடர்பெர்க் முறை. தனியா சூளை போட்டுச் சுட மாட்டாங்க. பச்சைப் பேஸ்ட்டை மேலே போட்டா, கீழே இருக்கற தொட்டியோட சூட்டிலேயே அது வெந்து இறுகும்.

மூணாவது ரெக்டிஃபயர். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கித் தர்ற இடம்.

நாலாவதுதான் பாட் ரூம். நீளமான கொட்டகையில வரிசையா தொட்டிகள். ஒவ்வொண்ணுலயும் 950 டிகிரிக்கு மேல உருகின கிரையோலைட், அதுல கரைஞ்ச அலுமினா. மின்சாரம் பாயப் பாய அடியில் அலுமினியம் சேரும். ஒரு தொட்டிக்கு நாலஞ்சு வோல்ட்தான், ஆனா பல்லாயிரம் ஆம்பியர். உள்ளே காந்தப்புலம் அவ்வளவு பலமா இருக்கும், கையில கட்டியிருக்கற சாவி கொடுக்கற கடிகாரம் நின்னுடும்.

அஞ்சாவது காஸ்ட் ஹவுஸ், வார்க்கிற இடம். இவங்க எல்லாருக்கும் கணக்குப் பிள்ளை மாதிரி லேப்.

எப்படிப் பின்னிக்கிடக்கு?

தொட்டிகள் எல்லாம் ஒரே மாலையில கோத்த மாதிரி தொடரா இருக்கும். ஒரே மின்சாரம்தான் எல்லாத்துலயும் வரிசையாப் போகும். சீரியல் பல்பு மாதிரின்னு வச்சுக்குங்க. ஒரு தொட்டியில பிரச்னைன்னா அந்த ஷிப்ட் முழுக்கவே பிரச்னை.

ஒரு உதாரணம். தொட்டியில அலுமினா குறைஞ்சு போனா, நேர்மின்வாய்க்கு அடியில வாயு படலமாப் படிஞ்சு மின்சாரத்தைத் தடுக்கும். நாலஞ்சு வோல்ட்ல இருந்தது சட்டுனு முப்பது வோல்ட்டைத் தாண்டும். தொட்டி மேல இருக்கற பல்பு எரியும். உடனே ஆள் ஓடிப் போய் மேல் ஓட்டை உடைச்சு அலுமினா போடணும். பச்சை மரக்கம்பை உள்ளே விட்டுக் கலக்கறதும் உண்டு. கம்பிலிருந்து வர்ற ஆவி அந்தப் படலத்தைக் கலைச்சுடும். இதே நேரத்துல ரெக்டிஃபயர் அறையில மீட்டர் முள் ஆடும். ஏன் ஆடுதுன்னு அங்கே இருக்கறவருக்குப் புரியணும். புரியாம அவர் எதையாவது திருப்பினா மத்த தொட்டியெல்லாம் குளிரும்.

இன்னொண்ணு. காஸ்ட் ஹவுஸ்காரருக்கு இரும்பு குறைவான உலோகம் வேணும். இரும்பு எங்கேயிருந்து வரும்? பேஸ்ட்டுக்குள்ள செருகியிருக்கற எஃகுக் கம்பி நேரத்துக்கு மேலே தூக்கப்படாம குழம்புல தொட்டா வரும். அலுமினாவுலயே கொஞ்சம் வரும். லேப் தொட்டி தொட்டியா மாதிரி எடுத்துச் சொன்னாத்தான், எந்தத் தொட்டி உலோகத்தை எதோட கலந்தா கேட்ட தரம் வரும்னு காஸ்ட் ஹவுஸ் முடிவு பண்ண முடியும். ஆக அலுமினாக்காரர் விட்ட தப்பும் கம்பி தூக்கறவர் விட்ட தப்பும் கடைசியா வார்க்கற இடத்துலதான் வந்து நிக்கும்.

இதுல மனுஷக் கணக்கும் உண்டு. சோடர்பெர்க்ல சூளைச் செலவு மிச்சம். ஆனா பேஸ்ட் தொட்டி மேலேயே வேகறதால தார்ப்புகை முழுக்க பாட் ரூம்காரர் மூச்சுக்குத்தான். கனடா, நார்வே நாடுகள்ல இந்த வகை ஆலைத் தொழிலாளிகளை வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு, சிறுநீர்ப்பை, நுரையீரல் புற்றுநோயோட தொடர்பு இருக்குன்னு சொல்லியிருக்காங்க. ஒரு பிரிவுல மிச்சமாகற காசுக்கு இன்னொரு பிரிவுல ஆள் விலை குடுக்கிறான். எந்த வருடாந்திர அறிக்கையிலயும் இதை "டிபார்ட்மென்ட் ஒத்துழைப்பு"ன்னு எழுத மாட்டாங்க.

குடோன்ல வைக்க முடியாத சரக்கு

இப்போ நம்ம ஹார்வி மில்லை எடுத்துக்குங்க. ப்ளோ ரூம், கார்டிங், ஸ்பின்னிங்னு அங்கேயும் பிரிவுகள். ஆனா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல சரக்கு கிடக்கும். கார்டிங் மெஷின் ரெண்டு மணி நேரம் நின்னா, ஸ்பின்னிங் கையில இருக்கறதை வச்சு ஓட்டும். கரண்டே போனாலும் மெஷின் நிக்கும், இழை அறும். காலையில வந்து பிணைச்சுட்டு ஓட்டலாம்.

அலுமினிய ஆலையிலயும் அலுமினாவைச் சேர்த்து வைக்கலாம், பேஸ்ட்டைச் சேர்த்து வைக்கலாம். மின்சாரத்தை மட்டும் அந்த அளவுல சேர்த்து வைக்க வழி கிடையாது. நாலஞ்சு மணி நேரம் கரண்ட் இல்லேன்னா தொட்டி கல்லா உறைஞ்சு போகும். பிறகு கடப்பாரையும் டிரில்லும் போட்டு உடைச்சு, உள்பூச்சைப் புதுசாப் போட்டு, ஒவ்வொரு தொட்டியா உயிர் குடுக்கணும். அதுக்கு மாசக்கணக்கு. அதனால அந்த ஆலையோட முக்கியமான டிபார்ட்மென்ட் கேட்டுக்கு உள்ளேயே இல்லை. வெளியே இருந்த மின்வாரியம்தான் அது. உள்ளே இருக்கற அஞ்சு பிரிவும் எவ்வளவு ஒத்துமையா இருந்தாலும் இந்த ஆறாவது கை விட்டா ஒண்ணும் நடக்காது.

கை விட்டதும் நடந்தது. மின்சாரச் சிக்கல்ல 1990-களின் தொடக்கத்துல ஆலை சில வருஷம் மூடிக் கிடந்தது. 1995-ல் ஸ்டெர்லைட் குழுமம் வாங்கினது. 1999-ல் 75 மெகாவாட் சொந்த அனல்மின் நிலையம் வந்தது. அதாவது வெளியே இருந்த டிபார்ட்மென்ட்டை உள்ளே கொண்டு வந்தாங்க.

இந்த 75 சும்மா வந்த எண் இல்லை. ஒரு டன்னுக்குச் சுமார் 16,000 யூனிட், வருஷத்துக்குச் சுமார் 40,000 டன்னுன்னு போட்டா 64 கோடி யூனிட். 8,760 மணி நேரத்தால வகுத்தா 73 மெகாவாட், ராத்திரி பகல் ஓய்வில்லாம. வீட்டுக் கணக்குல சொல்லணும்னா கிலோவுக்கு 16 யூனிட். 2016-ல் வந்த 100 யூனிட் இலவச மின்சாரத்துல ஆறு கிலோ அலுமினியம் எடுக்கலாம், அவ்வளவுதான்.

அப்புறம் 2008. ஜூலையில டன் 3,000 டாலரைத் தாண்டியிருந்த உலக விலை வருஷக் கடைசியில பாதியாச்சு. நவம்பர்ல தொட்டிகள் அணைஞ்சது. மின்நிலையம் மட்டும் அதுக்குப் பிறகும் வருஷக்கணக்கா ஓடி வெளியே மின்சாரம் வித்தது. உலோகமா மாத்தறதை விட மின்சாரமாவே வித்தா லாபம்னு ஆனப்புறம், மத்த அஞ்சு டிபார்ட்மென்டும் தேவையில்லாமப் போச்சு. துணைக்கு வந்தது வீட்டுக்காரனாகி, வீட்டுக்காரன் வெளியே போன கதை.

சரி, பாவநாசம்?

இப்போ நம்ம கணக்கைப் போடுவோம். பாவநாசம் மின்நிலையம் 32 மெகாவாட். 365 நாளும் முழு வேகத்துல ஓடினாக்கூட 28 கோடி யூனிட். அதுல 17,500 டன். மேட்டூர்ல பாதிகூட வராது. அதுவும் வயலுக்குப் பம்ப்செட் கிடையாது, வீட்டுக்கு விளக்கு கிடையாதுன்னு முழுசா அள்ளிக் குடுத்தா.

உண்மையில 365 நாளும் ஓடவும் முடியாது. பாவநாசம் அணையில தண்ணி திறக்கற கணக்கு வேற. ஜூன்ல கார் சாகுபடி, அது முடிஞ்சு பிசானம். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டு, சுமார் 86 ஆயிரம் ஏக்கர் நிலம், அது போக குடிதண்ணி. தண்ணி எப்போ எவ்வளவுன்னு சொல்றது நீர்வளத்துறை. அவங்க திறக்கற தண்ணி போற வழியில டர்பைனைச் சுத்திட்டுப் போகும். அணையில தண்ணி இறங்கினா மின்நிலையமும் அடங்கும். நெல்லுக்கு இது சரி. மில்லுக்கும் ஒரு மாதிரி சமாளிக்கலாம். தொட்டிக்கு ஆகாது. "பிசானம் முடிஞ்சாச்சு, ஜூன்ல வாங்க"ன்னு 950 டிகிரி குழம்புகிட்ட சொல்ல முடியுமா?

தாமிரபரணியில டிபார்ட்மென்ட் ஒத்துழைப்புன்னா அது விவசாயி, நீர்வளத்துறை, மின்வாரியம் மூணும் ஒரே தண்ணியை ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா பயன்படுத்தறது. ஒருத்தர் வேலையை முடிச்சுட்டு அடுத்தவருக்கு விடறாங்க, தண்ணி குறையறதில்லை. அலுமினிய ஆலை அப்படி எதையும் திருப்பித் தராது. வாங்கின மின்சாரம் அத்தனையும் உலோகத்துக்குள்ளேயும் சூட்டுக்குள்ளேயும் போயிடும்.

உருக்காலை நம்ம பக்கம் வராமலும் இல்லை. தூத்துக்குடி தாமிர ஆலை அதே குழுமத்தோடதுதான். அந்தக் கதை 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டுல 13 உயிர் போனதுல, மே 28 மூடல் ஆணையில போய் முடிஞ்சது. அது தனிப் பதிவு. இங்கே ஒண்ணு மட்டும் சொல்றேன். ஆலைக்கு வெளியே இருக்கற காத்து, தண்ணி, ஊர் ஜனம் எல்லாமே அந்த ஆலையோட டிபார்ட்மென்ட்தான். சம்பளப் பட்டியல்ல பேர் இல்லாததால அவங்களை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடறதில்லை.

மேட்டூர், ஏற்காடு, கொல்லிமலைப் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுல, தெருவுல பாட் ரூம்ல வேலை பார்த்த பெரியவர் இருந்தா உக்கார வச்சுப் பேச விடுங்க. பல்பு எரிஞ்சா யார் ஓடினது, ரெக்டிஃபயர் அறைக்கு எப்படிச் சேதி சொன்னாங்க, கடைசித் தொட்டியை அணைச்ச அன்னைக்கு என்ன நடந்தது... இதெல்லாம் கம்பெனி அறிக்கையில கிடைக்காது. எழுதிட்டு பின்னூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க, ஓடி வந்து படிக்கிறேன்.